உச்சமுனையில் ஒரு பானை சுடுநீர்

விடைத்தாள்களில் சிவப்பு மையால் குறுக்குக்கோடு இழுப்பது ஆசிரியத் தொழிலின் அன்றாட வேலைகளுள் ஒன்று. எத்தனையோ ஆயிரம் கோடுகளை இழுத்திருக்கிறோம். இழுத்த மறுகணமே அவற்றை மறந்தும் இருக்கிறோம். ஆனால், 2008ஆம் ஆண்டில் இழுத்த ஒரு கோடு மட்டும் எமது நெஞ்சை இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த உறுத்தலை ஆசிரியத் தோழர்களுடனும் மாணவ நண்பர்களுடனும் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

அப்பொழுது நாம் கடற்கரைக் கிராமமொன்றின் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தோம். முதலுதவி பற்றிய வினாவொன்றில், கடலுயிர்கள் கொட்டினால் செய்யவேண்டியது யாதென்று கேட்டிருந்தோம். புண்ணைக் கழுவ வேண்டும், பனிக்கட்டி வைக்க வேண்டும், வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே நாம் எதிர்பார்த்த விடை. மீன்பிடித் தொழிலாளி ஒருவரின் மகனான ஒரு மாணவன் வேறுவிதமாக எழுதியிருந்தான். திருக்கை குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீர் வைத்து அதற்குள் காலை வைத்திருக்க வேண்டும். சூடு ஆற ஆற மேலும் ஊற்ற வேண்டும். வலி நின்ற பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதுவே அவன் எழுதிய விடை. நாம் அதன் குறுக்கே கோடு இழுத்தோம். இழுத்ததோடும் நின்றோமில்லை, ஓரத்தில் ‘மூடநம்பிக்கை’ என்று எழுதியும் வைத்தோம். அவன் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவன் பாடசாலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டு தகப்பனின் வள்ளத்தில் ஏறிவிட்டான் என்று கேள்வியுற்றோம்.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 2022ஆம் ஆண்டில், நத்தாரை அடுத்த விடுமுறையில், உடன் கற்பிக்கும் நண்பர்கள் சிலருடன் உச்சமுனைக்குப் புறப்பட்டோம். புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் கரையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய ஊர் அது. ஒருபுறம் களப்பு, மறுபுறம் பெருங்கடல், இடையில் மணல். கண்டற் காடுகளைப் பார்ப்பதும், மீனவர் வாடிகளில் வாழும் பிள்ளைகளின் கல்வி எவ்வாறிருக்கிறது என்பதை அறிவதுமே எமது நோக்கம்.

கரைக்குச் சிறிது தூரத்திலேயே படகு தரைதட்டியது. முழங்காலளவு நீரில் இறங்கி நடக்கவேண்டியதாயிற்று. படகோட்டி எச்சரித்தார்:

“சேர், காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீங்க. மணல்ல தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க.”

காரணம் யாதென்று நாம் கேட்கவில்லை. பட்டணத்து வீதியில் நடப்பதுபோல் காலைத் தூக்கி வைத்தே நடந்தோம். பத்து அடி சென்றிருக்க மாட்டோம். வலக்காலின் புறத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகியது போலிருந்தது. மணலுக்குள் பதுங்கிக் கிடந்த திருக்கையை மிதித்துவிட்டோம். காலைத் தேய்த்து நடந்திருந்தால் மணலின் அசைவை உணர்ந்து அது விலகிப் போயிருக்கும். திருக்கை தேடிவந்து குத்துவதில்லை. மிதிபட்டால் மட்டும் வாலை உயர்த்திக் குத்தும். இதை அன்றிரவு படகோட்டியே விளக்கினார்.

அந்த வலியை எழுத்தில் வடிப்பது கடினம். பாதத்தில் தொடங்கித் தொடைவரை ஏறியது, வியர்த்துக் கொட்டியது, வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. நண்பர்கள் எம்மைத் தூக்கிச்சென்று அண்மையிலிருந்த ஒரு குடிசையின் முன் கிடத்தினார்கள். நண்பரொருவர், மீன் பெட்டியிலிருந்த ஐஸ்கட்டியை எடுத்து வருவதற்கு ஓடினார். அவரும் விஞ்ஞான ஆசிரியர்தான்.

குடிசையிலிருந்து மூதாட்டி ஒருவர் வெளியே வந்தார். காயத்தைப் பார்த்தார். முள் முறிந்து உள்ளே தங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஐஸ்கட்டியோடு வந்த நண்பரைக் கையமர்த்தி நிறுத்தினார்.

“ஐஸ் வேணாம் மகன். அது மீனுக்கு. திருக்கை முள்ளுக்குச் சூடுதான்.”

அடுப்பில் பானை ஏறியது. அவர் சுடவைத்தது கடல்நீரை. “நல்ல தண்ணியை இதுக்குச் செலவழிக்கேலாது, உப்புத்தண்ணி போதும்” என்றார். நீர் சுட்டதும் அதை ஒரு வாளியில் ஊற்றித் தமது முழங்கையைத் தோய்த்துப் பார்த்தார். எமது இடக்காலின் பெருவிரலையும் அதில் தோய்க்கச் சொன்னார். குத்துப்பட்ட கால் சூட்டை மதிப்பிடாதாம். வலியில் அதற்கு நிதானம் தப்பிவிடுமாம். ஆகையால் நல்ல காலே சாட்சி சொல்ல வேண்டுமாம்! நல்ல கால் சம்மதித்த பின்னரே புண்பட்ட கால் வாளிக்குள் இறங்கியது.

பத்து நிமிடத்தில் வலி தொடையிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது. அரை மணி நேரத்தில் பாதத்தோடு நின்றது. நீர் ஆறியபோதெல்லாம் எமது காலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிறிது சிறிதாகச் சுடுநீரைக் கலந்துகொண்டேயிருந்தார். காலை வெளியே எடுத்தபோது வலி மீண்டும் தலைகாட்டியது. “அவசரப்படாதீங்க மகன், இன்னும் கொஞ்ச நேரம்” என்றார். ஒன்றரை மணி நேரத்தின் பின்னர் எம்மால் பேச முடிந்தது. முதலில் நாம் சொல்ல நினைத்தது நன்றி. ஆனால் அச்சமயத்தில் எமது மனக்கண்முன் நின்றது ஒரு விடைத்தாளும் அதன் குறுக்கே ஓடிய சிவப்புக் கோடுந்தான்.

வீடு திரும்பியதும் நூல்களைப் புரட்டினோம். திருக்கையின் வால்முள்ளை ஒரு மெல்லிய தோலுறை மூடியிருக்கிறது. முள் சதைக்குள் பாயும்போது உறை கிழிந்து நஞ்சு புண்ணில் கலக்கிறது. அந்த நஞ்சின் பெரும்பகுதி புரதப்பொருள். முட்டையின் வெண்கரு சூட்டில் உறைவது போல, புரதங்கள் வெப்பத்தால் உருக்குலைந்து தம் இயல்பை இழக்கும். மீன் நஞ்சுகள் பலவும் இவ்வாறு வெப்பத்துக்குத் தோற்பவை. ஆயினும், தோல் தாங்கும் சூடு சதையின் ஆழத்திலுள்ள நஞ்சை அழிக்கப் போதுமா என்று ஐயுறுவோரும் உளர். வெப்பம் நரம்புகளின்மீது வினைபுரிந்து வலியுணர்வை அடக்குகிறது என்பது அவர்தம் விளக்கம். விளக்கத்தில் வேறுபாடு இருப்பினும் செய்முறையில் இல்லை. ஏறத்தாழ 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடங்கள் வரை உறுப்பை அமிழ்த்தி வைக்க வேண்டுமென்று இன்றைய மருத்துவ நூல்களும் கூறுகின்றன. நல்ல காலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவற்றில் இருக்கிறது. ஆச்சியிடம் வெப்பமானி இல்லை, முழங்கை இருந்தது.

இன்னுமொன்றையும் படித்தோம். அவுஸ்திரேலியாவின் கடற்கரையில் நீலக்குமிழிச் சொறி எனத்தக்க ஓர் உயிரினம் கொட்டியவர்களை இரு பிரிவாக வகுத்து, ஒரு பிரிவுக்கு 45 பாகைச் சுடுநீரும் மற்றப் பிரிவுக்குப் பனிக்கட்டியும் அளித்துப் பார்த்திருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் சுடுநீர் பெற்றோரில் நூற்றுக்கு 87 பேரின் வலி தணிந்தது. பனிக்கட்டி பெற்றோரில் நூற்றுக்கு 33 பேருக்கே அந்த ஆறுதல் கிட்டியது. இந்த ஆய்வு வெளியானது 2006இல். நாம் ‘மூடநம்பிக்கை’ என்று எழுதியதோ 2008இல். அந்த மாணவனின் வீட்டாருக்கு அனுபவம் கற்பித்திருந்த பாடத்தின் பக்கம் ஆய்வுக்கூடமும் வந்து சேர்ந்திருந்தது. வகுப்பறை மட்டும் பின்தங்கி நின்றது. ஆராயாமல் ஏற்பது மூடநம்பிக்கையென்றால், ஆராயாமல் தள்ளுவதற்கு என்ன பெயர் வைப்பது?

சூடு, குளிர்ச்சி, நீர் ஆகிய மூன்றும் மனிதகுலத்தின் மிகப் பழைய மருந்துகள். சுளுக்குக்கு ஒத்தணம், தடிமனுக்கு நொச்சியிலை ஆவி, பிள்ளை பெற்ற தாய்க்கு வேது என்று எமது பாட்டிமார் நடத்திய வைத்தியத்தின் பெரும்பகுதி அடுப்பையும் பானையையுமே நம்பியிருந்தது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாவில் பூமியே அடுப்பு மூட்டி, ஏழு கிணறுகளில் வெவ்வேறு சூட்டில் நீரை வைத்திருக்கிறது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தில் குத்தி வரவழைத்த ஊற்றுகள் என்று ஐதீகம் கூறும். அந்தியேட்டிக் கடன் கழிக்க வந்தவரும் மூட்டுவலி தீர வந்தவரும் ஒரே கிணற்றில் வாளியிட்டு அள்ளி ஊற்றிக்கொள்வது அங்கு வழக்கமாக இருந்து வந்திருக்கிறது.

ஐரோப்பாவின் கதையும் இதுவே. நீர் வைத்தியத்துக்கு அங்கே புத்துயிர் அளித்தவர்கள் அரண்மனை வைத்தியர்களல்லர். வின்சென்ஸ் பிறீஸ்னிற்ஸ் (1799–1851) சைலீசிய மலைநாட்டு உழவர் குடியில் பிறந்தவர். இளமையில் வண்டியேறி விலா எலும்பு முறிந்தபோது ஈரத் துணியால் கட்டித் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். பின்னர் பிறருக்கும் வைத்தியம் செய்யத் தொடங்கியபோது மருத்துவர்கள் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். பவேரியாவின் செபஸ்தியான் நைப் பாதிரியார் (1821–1897) நெசவாளியின் மகன். நோய்வாய்ப்பட்டுக் கைவிடப்பட்ட நிலையில் டானியூப் ஆற்றின் குளிர்நீரில் முழுகித் தேறியவர். தாம் கண்டதை 1886இல் நூலாக வெளியிட்டார். உழவனிடமும் நெசவாளியிடமும் பிறந்த வைத்தியம் அது. வெகுவிரைவில் அதனைச் சுற்றி விடுதிகள் எழுந்தன. பிரபுக்கள் வந்து தங்கினார்கள். குளிர்ந்த நீருக்கும் கட்டணம் பிறந்தது.

இந்த முரண்பாட்டைக் காந்தியடிகளும் கண்டார். ஜெர்மானியரான லூயி கூனேயின் தொட்டிக் குளியலில் அவருக்குப் பெரும் நம்பிக்கை இருந்தது. 1902இல் பம்பாயில் தம் மகன் மணிலால் சன்னியும் சளிச்சுரமும் கண்டு கிடந்தபோது, அந்தக் குளியலையும் ஈரத் துணிப் போர்வையையுமே நம்பினார். பிற்காலத்தில் ஏழைகளுக்கான இயற்கை வைத்திய நிலையமொன்றைப் பூனா நகரில் நடத்த முற்பட்டு, ஏழைகள் இருக்கும் இடம் கிராமமே என்பதை உணர்ந்து, 1946இல் உருளி காஞ்சன் கிராமத்துக்குச் சென்றார். ஏழையைத் தேடி வைத்தியம் போக வேண்டும் என்ற அளவில் அவர் கொள்கை எமக்கு உடன்பாடே. ஆனால், மண்ணும் நீரும் சூரிய ஒளியும் எல்லார்க்கும் இலவசம் என்று இயற்கை வைத்தியர்கள் சொல்லும் இடத்தில் நாம் சற்றுத் தயங்கி நிற்கவேண்டியிருக்கிறது. நீர் இலவசமா?

உச்சமுனையில் அன்று மாலை நாம் கண்டதைச் சொல்கிறோம். எமது காலுக்காக ஒன்றரை மணி நேரம் எரிந்தவை அன்றைய இராச் சோற்றுக்கென்று சேர்த்து வைக்கப்பட்டிருந்த தென்னம்பாளையும் பொச்சுமட்டையும். ஆச்சியின் பேரப்பிள்ளைகள் மீண்டும் விறகு பொறுக்கி வந்த பின்னரே உலை ஏறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. படகின் இயந்திரத்துக்கும் குப்பி விளக்குக்கும் வேண்டிய எண்ணெய் அது. கடைசியில் எமது புண்ணைக் கழுவ ஆச்சி ஒரு செம்பு நன்னீர் எடுத்தார், அளந்துதான் எடுத்தார். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலுக்கடியில், உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாகவே மழைநீர் மிதந்துகொண்டிருக்கிறது. மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் அந்நீரில் கலந்துவருகிறது. இத்தகைய மண்ணில் ஒரு செம்பு நன்னீர் என்பது ஒரு கொடை. அன்று நாம் பெற்ற சிகிச்சையின் விலையை எமக்குத் தெரியாமலே ஒரு குடும்பம் செலுத்தியது.

இந்தத் தீவுகளின்மேல் வேறு கண்களும் விழுந்திருக்கின்றன. கற்பிட்டியின் பதினான்கு தீவுகளையும் இணைத்துப் பெரும் உல்லாசப் பயணத் தலமாக்கும் திட்டமொன்று இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வகுக்கப்பட்டது. வலை காயப்போடும் மணலும் படகு ஏற்றும் துறையும் பறிபோகுமென்று மீனவர் அமைப்புகள் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. நாட்டின் கடற்கரை உல்லாச விடுதிகள் பலவற்றில், நீராவி அறை, வெந்நீர்த் தொட்டி, குளிர்நீர்த் தொட்டி என்று உடலுக்கு இதந்தரும் ஏற்பாடுகள் விளம்பரம் செய்யப்படுகின்றன. களைத்த உடலுக்குச் சூடும் நீரும் இதம் என்பதில் எமக்கு மறுப்பில்லை. எவருடைய உடல் அதிகம் களைக்கிறது என்பதே எமது கேள்வி. இரவு முழுவதும் கரைவலை இழுத்தவனின் தோளா? புத்தளத்து உப்பளத்தில் வெயிலிலே உப்பு வாரியவளின் இடுப்பா? வெயிலில் மயங்கிச் சுருண்டவரைக் காப்பாற்றும் மிகச் சிறந்த சிகிச்சை குளிர்ந்த நீர்தான். உடம்பைக் காலந்தாழ்த்தாமல் குளிர வைப்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது. அந்தக் குளிர்ந்த நீர் உப்பளத்தின் வரம்பில் இருக்கிறதா, விடுதியின் தொட்டியில் இருக்கிறதா என்பது வைத்தியக் கேள்வி மட்டுமன்று.

இவ்வளவு எழுதிய நாம், ஆச்சியின் பானையே போதும், ஆஸ்பத்திரி எதற்கு என்று சொல்வதாக எவரும் கருதிவிடலாகாது. அது இன்னொரு குறுக்குக்கோடு, முன்னதைவிடக் கொடியது. மறுநாட் காலையில் கரையில் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். அவரது இடக்காலில் இரண்டு விரல்கள் இல்லை. அவருக்கும் திருக்கைதான் குத்தியதாம், அவரும் சுடுநீரில்தான் காலை வைத்தாராம், வலி நின்றதாம். “வலி நின்னுட்டா பிறகு எதுக்கு ஆஸ்பத்திரி சேர்? ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு” என்றார். முறிந்த முள்ளின் துண்டு உள்ளே தங்கிவிட்டது. புண் சீழ்வைத்தது. அவர் களப்பைக் கடந்து வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. சுடுநீர் வலியை ஆற்றும், முள்ளை எடுக்காது, புண்ணின் அழுக்கை அகற்றாது, ஏற்புவலிக்குத் தடுப்பூசி ஆகாது. முள் மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் அதைப் பிடுங்காமல் அப்படியே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். அங்கே சுடுநீருக்கு வேலையில்லை. நீரிழிவினால் கால் மரத்தவருக்குச் சூடே பகையாகித் தோலை வேகவைத்துவிடும். தீப்புண்ணுக்கு இருபது நிமிடம் ஓடும் குளிர்நீர் வேண்டும். அதற்கும் ஐஸ் ஆகாது. இத்தனை எல்லைகளும் இந்த எளிய வைத்தியத்துக்கு உண்டு. எல்லை தெரிந்த அறிவே அறிவு.

அம்மனிதர் விரல்களை இழந்தது அறியாமையாலா? ‘வலி நின்ற பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்’ என்ற கடைசி வாக்கியத்தை எமது மாணவன் அறிந்திருந்தான், இவரும் அறியாதவரல்லர். போவதற்கு ஒரு நாட் கூலியும் படகுக்கு எண்ணெயும் வேண்டியிருந்தன. மருத்துவம் இலவசமாக இருக்கும் நாட்டில், அதனிடம் போய்ச் சேர்வது இலவசமாக இல்லை. அறிவுரை கூறும் நாம் இந்தக் கணக்கைப் போடுவதேயில்லை.

நாம் அன்றே கற்பிட்டிக்குப் போயிருக்க வேண்டும், மறுநாள்தான் போனோம். புண்ணைத் துப்புரவாக்கி ஊசி போட்ட வைத்தியர், முதலில் என்ன செய்தீர்கள் என்று வினவினார். நாம் சொன்னதைக் கேட்டு, “சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்” என்றார். அந்தச் ‘சரி’ எமக்குரியதன்று, ஆச்சிக்குரியது, அந்த மாணவனுக்குரியது. அவனை இன்னும் நாம் சந்திக்கவில்லை. தொழிலுக்காக வேறு கரைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சந்தித்தாலும் பழைய விடைத்தாளைத் திருத்திக் கொடுக்க இயலாது.

ஆயினும் ஒன்று செய்து வருகிறோம். முதலுதவிப் பாடம் வரும்போது, முதலில் பிள்ளைகளைக் கேட்கிறோம்: உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? அவர்கள் சொல்வதையெல்லாம் கரும்பலகையில் எழுதுகிறோம். பின்னர் ஒரு வாளி, ஒரு கேத்தல் சுடுநீர், ஒரு வெப்பமானி ஆகியவற்றைக் கொண்டுவந்து, 45 பாகையைப் பிள்ளைகளின் முழங்கை அறியும்படி செய்கிறோம். கரும்பலகையில் உள்ளவற்றில் எது நிற்கும், எது நிற்காது, ஏன் என்று அவர்களோடு சேர்ந்தே ஆராய்கிறோம். நின்றவையும் உண்டு, நாமும் பிள்ளைகளும் மனமொப்பி அழித்தவையும் உண்டு.

தோழர்களே, உழைக்கும் மக்களின் அனுபவத்தை ஆய்வுக்கூடத்தின் வாயிலில் நிறுத்தி அவமதிக்க வேண்டாம். அதனைப் பீடத்தில் ஏற்றிப் பூசிக்கவும் வேண்டாம். உள்ளே அழைத்துச் சோதிப்போம். அதே மூச்சில், உச்சமுனை போன்ற ஊர்களுக்கு நல்ல தண்ணீரும், நோயாளியை ஏற்றிச்செல்ல எந்நேரமும் ஒரு படகும், அந்த ஒரு நாட் கூலிக்கு ஓர் ஈடும் வேண்டுமென்று கேட்போம். ஆச்சியின் பானையும் வைத்தியரின் ஊசியும் ஒரே நாளில் ஒரே காலுக்குக் கிடைக்க வேண்டும். எமக்கு இரண்டும் கிடைத்தன. வலை பொத்திக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு ஒன்றுதான் கிடைத்தது.